அந்த அரை நிமிஷம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த காசிநாதனின் கை, எதிர்வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டதும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அதற்குப் பக்கத்து வீட்டிலும் தொடங்கியது. அப்புறம் தெருக்கோடி வரை. தெரு வேலைக்கு உட்கார்ந்துவிட்டது.

பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால், பிணத்தை எடுத்து, கூடப் போனவர்கள் திரும்பி வரும்வரை ஒரு தறியும் ஓடாது. குடித்துவிட்டுத் தெருவையே ஏசித் திரிந்தவன் செத்தபோதும் ஓடவில்லை. கந்துவட்டிக்காரர் செத்த அன்று, நின்ற தறிகளுக்குப் பின்னால் சிலர் சிரித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. ஆனாலும் தறி நின்றது. அதே தெருவில் பிறந்து, தில்லி வரை போய் அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு வந்த முன்னாள் எம்.பி. கலியாணசுந்தரத்துக்குத்தான் ஓடுகிறது.

செத்தவர் காசிநாதனின் அண்ணன். பிள்ளை குட்டி கிடையாது. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் வெயில்தான் உட்கார்ந்திருந்தது. கட்சியிலிருந்து ஒரு கார் வந்தது. மலர்வளையம் வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அடுத்த கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ள லோகேஷ் என்ற இளைஞனை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணி கமலவேணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். செருப்பு தாண்டிப் போகும், தலை குனிந்துகொள்ளும்.

காசிநாதன் பட்டு வியாபாரி. ஒரு மனிதனுக்குத் தெரு போடுகிற கடைசி விலை அவனுடைய சாவுக் கூட்டம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கண்ணெதிரே அண்ணன் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு அரை நிமிஷத்தால் வந்தது.

எதிர்க்கட்சி எம்.பி.க்கு நாடாளுமன்றத்தில் கிடைக்கும் இடம், பட்டுக்கடைக்கு வேடிக்கை பார்க்க வந்தவளுக்குக் கிடைக்கும் இடம் மாதிரி. வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். புடவையைப் பிரித்தும் காட்ட மாட்டார்கள். கலியாணசுந்தரம் வாரக்கணக்கில் எழுதிக் கொடுத்துக் காத்திருந்து, ஒருநாள் மூன்று நிமிஷம் வாங்கினார். பாதி நாற்காலி காலி. தமிழில் எழுந்து பாலாற்றைப் பற்றிப் பேசினார். மணலை அள்ளுவதை, மேலே அணை கட்டுவதை, தோல் கழிவு வந்து சேருவதை, கிணறுகள் உப்பானதை, ஒன்று விடாமல் சொன்னார். இங்கே பேருந்து நிலையத்தில் வெடி வெடித்தார்கள். ஆனால் அதை முழுக்கக் கேட்காமல் வெடித்துவிட்டார்கள். மணியடித்த பிறகும் அவர் உட்காராமல் கடைசியாகச் சொன்னது இது: அடுத்தவன் அழுக்கைச் சொல்லிவிட்டு எங்கள் அழுக்கை மறைப்பது நியாயமில்லை. எங்கள் ஊர் சாயப்பட்டறைத் தண்ணீரும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது. என் கூடப்பிறந்த தம்பி காசிநாதனின் பட்டறையும் அதில் ஒன்று. எங்களுக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தாருங்கள்.

கேட்டது நிலையம்; வந்தது பூட்டு. முதல் பூட்டு காசிநாதன் பட்டறைக்கு. சாயம் போட்ட நூல் இல்லாமல் தறிகள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட்டு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் இந்தத் தெருவில் ஓட்டு விழுந்திருக்காது.

பூட்டுப் போட்ட அன்று காசிநாதன் அண்ணன் வீட்டு வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

“ஊரச் சொன்னே, சரி. எம் பேர எதுக்குண்ணா இழுத்தே?”

கலியாணசுந்தரம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “உம் பேர வுட்டுட்டு ஊர மட்டும் சொன்னா, அது கோள் மூட்டற மாதிரி ஆயிடும்பா.”

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றே வாசல். தம்பியின் கடையை அண்ணன் தாண்டிப் போகும்போதெல்லாம் தம்பிக்கு மடிக்க ஒரு புடவை இருந்தது. மடித்ததையே பிரித்து மடித்த நாளும் உண்டு.

வெயில் ஏறியதும், சாயப்பட்டறை சங்கத் தலைவர் பரமசிவம் தெருமுனையில் வந்து நின்று கையசைத்தார். வாசலுக்கு வரவில்லை. காசிநாதன்தான் போனார்.

“ஊர்ல யாருக்கும் மனசு இல்லாம இல்ல காசி. நான் ஒரு வார்த்த சொன்னா தறி நிக்கும். ஆளுங்களக் கூட்டிக்கினு நானே மாலையோட வர்றேன்,” என்றார் பரமசிவம். கொஞ்சம் நிறுத்தினார். வியாபாரத்தில் இந்த நிறுத்தம் எதற்கென்று காசிநாதனுக்குத் தெரியும். “ஸ்பீக்கர்ல அண்ணன் பேச்சப் போடப் போறாங்களாமே?”

“கட்சி ஆளுங்க ஏற்பாடு.”

“போடட்டும். ஆறு, மணலு, எல்லாம் நல்லாதான் இருக்குது. அந்தக் கடைசித் துண்டு மட்டும் வாணாம்பா. நூல் இல்லாம குந்திக்கினு இருந்தவங்க காதுல, சாவு வூட்ல, அது எதுக்கு?”

காசிநாதன் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். மனசு தானாகவே கணக்குப் போட்டது. கொடுப்பது அரை நிமிஷம். அதுவும் தன் வயிற்றில் அடித்த அரை நிமிஷம். வாங்குவது ஒரு தெரு. இதைவிட மலிவாக அவர் வாழ்க்கையில் எதையும் வாங்கியதில்லை.

“எல்லாத் தறியும் நிக்கணும்.”

“நிக்கும்.”

“போய்த் திரும்பற வரிக்கும்.”

“அதான் சொல்ட்டேன்ல.”

லோகேஷிடம் சொன்னபோது, அவன் ஏனென்று கூடக் கேட்கவில்லை. “ஈஸிண்ணா, ட்ரிம் பண்ணிடலாம்,” என்று போனில் விரலை வைத்து ஓரத்தைத் தள்ளினான். பார்டரை வெட்டிய புடவை மாதிரி பேச்சு சுருங்கியது.

காசிநாதன் உள்ளே போய் அண்ணியிடம், தறியை நிறுத்தப் போகிறார்கள் என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளும் வியாபாரி வீட்டுப் பெண்தான்.

“பேசினியா?”

“ம்.”

“இன்னா குடுத்தே?”

அவர் துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

சொன்ன சொல்லைப் பரமசிவம் காப்பாற்றினார். எதிர்வீட்டுத் தறி நின்றது. ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் தெருக்கோடியில் ஒன்று மட்டும் ஓடியது, அதுவும் அடங்கியது. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் நின்றார்கள். பெண்கள் கமலவேணியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அழ ஆரம்பித்தபின் சிலருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. காசிநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நல்ல பேரம்.

அப்போதுதான் லோகேஷ் பேச்சைப் போட்டான்.

தறி ஓடாத தெருவில் கலியாணசுந்தரத்தின் குரல் தடையில்லாமல் போனது. ஆறு வந்தது. மணல் வந்தது. கிணறு வந்தது. தலைகள் ஆடின. காசிநாதனுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். கடையைச் சாத்தியபின் தனியாக உட்கார்ந்து அதை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்பது அவருடைய போனுக்குத்தான் தெரியும். கோபம் ஆறிவிடாமல் இருக்கத்தான் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. “ஒரு நிமிடம், அவைத் தலைவர் அவர்களே,” என்றது குரல். அடுத்த வார்த்தைக்கு முன்னால் அண்ணன் மூச்சு இழுப்பார். இழுத்தார்.

மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள்.

காசிநாதனின் உதடு பாதி திறந்தபடி இருந்தது. பெண்களுக்கு நடுவிலிருந்து கமலவேணி அவரைப் பார்த்தாள். மேளச் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை. வாயசைவு தெரிந்தது.

“இதானா குடுத்தே.”

ரதத்தைப் பூவால் மூடி, அதில் அண்ணனை ஏற்றினார்கள். தெருமுனை திரும்பும் நேரத்தில், பின்னால் டடக்கென்று ஒரு தறி. அப்புறம் இன்னொன்று. காசிநாதன் பரமசிவத்தைப் பார்த்தார். பரமசிவம் மின்சாரக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காவைப் பார்த்தார். முழம் குறைந்திருக்கிறது, ஆனால் சரக்கு கை மாறியாகிவிட்டது.

செவிலிமேட்டுச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள், டீ குடிக்க நின்றவர்கள், பஸ் வந்துவிட்டதென்று ஓடியவர்கள் எல்லாம் போக, மேளக்காரர்களைத் தவிர ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆட்கள்தான் மிஞ்சினார்கள். அவர்களில் பரமசிவமும் இருந்தார். வராவிட்டால் நன்றாக இருக்காது. பாலாறு வெள்ளை வெளேரென்று கிடந்தது. அள்ளிய பள்ளங்களில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது.

சுடுகாட்டு வேலை பார்க்கும் சின்னப்பையன் மண்குடத்தைக் கொண்டுவந்து, தண்ணீர் கேனைச் சாய்த்து நிரப்பினான்.

“ஆத்துத் தண்ணி எடுக்கக் கூடாதாபா?” என்றார் காசிநாதன்.

“இருந்தா எடுக்க மாட்டனா,” என்றான் அவன். குடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். “யாரு கொள்ளி வெக்கிறது? செத்தவருக்கு இன்னா மொற?”

பரமசிவம் முந்திக்கொண்டு, “நம்ம எம்.பி.யோட சொந்தம்பா, சீக்கிரம் ஆவட்டும்,” என்றார்.

“கூடப்பொறந்த தம்பி,” என்றார் காசிநாதன். குரல் தேவைக்கு மேல் வந்துவிட்டது. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “சாயப்பட்டறை காசிநாதன்.”

சின்னப்பையனுக்குப் பேர் வேண்டியிருக்கவில்லை. தலையாட்டிவிட்டுக் குடத்தை அவர் தோளில் வைத்தான். பரமசிவம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கருவேல நிழலுக்கு நகர்ந்தார்.

காசிநாதன் சிதையைச் சுற்றி நடந்தார். பின்னால் வந்த சின்னப்பையன் குடத்தில் கத்தி முனையால் கொத்தினான். துவாரத்திலிருந்து தண்ணீர் முதுகில் வழிந்து, வேட்டியை நனைத்து, மணலில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. இரண்டாவது சுற்றில் அவர் தலை குனிந்து, முதல் சுற்றின் ஈரத்தைத் தேடினார். மணல் குடித்து முடித்திருந்தது.