மதிலின் அந்தப் பக்கம்

ப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் மறுபடியும் நீர் படிந்திருந்தது. தமிழ்நிலா துப்பட்டா முனையால் துடைத்தாள். அப்பாவின் நெற்றி தெரிந்தது, பிறகு மூக்கில் வைத்த பஞ்சு. துடைத்த இடத்தில் உடனே நீர் சேரத் தொடங்கியது. உள்ளே குளிர், வெளியே வெக்கை. அப்படித்தான் சேரும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சார் வந்தார். காலையில் பூமாலையோடு ஒருமுறை வந்துவிட்டுப் போனவர். இப்போது அண்ணன் இளவழகனைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது. சித்தப்பா குடும்பம் வந்து எடுக்க நாளைக் காலை ஆகிவிடுமாமே, இன்றைக்குப் பிரதோஷம், வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்கள் பழைய வீடு இருக்கிறதே, அங்கே வைத்தால் சொந்தக்காரர்கள் உட்காரவும் வசதி. வேனுக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் யார் இறந்தாலும், உடல் வீதியைத் தாண்டும்வரை நடை சாத்தியிருக்கும். பூஜை கிடையாது, மணி கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில் இறந்தால் நடை சாத்துவதில்லை. அந்தத் தெரு கணக்கில் வராது.

அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். "எங்கப்பாவத் தூக்குனப்ப கோயில் மணி அடிச்சிச்சு. அவருக்காகத்தான் அடிக்கிறாங்கன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இளவழகன் உள்ளே வந்தான். என்னவாம் என்று அம்மா பொன்னுத்தாய் கண்ணால் கேட்டாள்.

"தெனம் பேப்பர வாங்கிட்டுப் போக வருவாரு. இன்னைக்கு அப்பாவ எடுத்துட்டுப் போங்கன்னு வந்திருக்காரு." அவன் குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது. "போயிடலாமாம்மா? நாளைக்கும் நாம இந்த வீதியிலதான இருக்கணும்."

அம்மா எழுந்து வாசல்வரை நடந்தாள். சார் இன்னும் பந்தலில் நின்றிருந்தார்.

"இது அவரு வீடு சார். இங்கேருந்தே போவட்டும்."

சார் தலையசைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். கோயிலில் என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வழக்கம்போல நடையைத் திறந்து மணியை அடித்துவிட்டால், அப்பா இந்த வீதியில் வீடு வாங்கியதே இல்லை என்று ஆகிவிடும்.

வாசலுக்கு நேர் எதிரே, வீதியைத் தாண்டினால் கோயிலின் மேற்கு மதில். சோழர் காலத்துக் கருங்கல். லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இங்கே குடிவந்த பிறகு, மாலையில் டீ குடித்துவிட்டு அப்பா அந்த மதிலில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். மாடு மேய்த்த வயதில் சாய்ந்த இடமாம். மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார். உள்ளே போனதில்லை.

தை மாதத்தில் ஒரு மாலை அவள்தான் அழைத்துப் போனாள். எம்.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருந்தாள். அப்பாவிடம்கூட அதிகம் பேசாதவள், அன்று நிறையப் பேசினாள். விமானத்தின் கற்கள் ஒன்றின் எடையில் ஒன்று நிற்பதைச் சொன்னாள். அடித்தளத்தில் வரிவரியாக ஓடிய கல்வெட்டைக் காட்டினாள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், கண்ணாடிக் கடைக்குள் வந்தவர் மாதிரி. தூணைத் தொடவில்லை. யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை அவள் உருட்டிக் காட்டியபோதும் கையை நீட்டவில்லை. சந்நிதியில் திருநீறு வாங்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். மேற்கு மதிலின் உட்புறத்தில் எதையோ தேடினார். வெளியே தெரிந்த வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்து இடத்தைக் கணித்தார்.

"இதுக்கு அந்தப் பக்கந்தான் நான் உக்காருவேன்."

அப்போதுதான் கட்டிய கையைப் பிரித்தார். உள்ளங்கையைக் கல்லில் வைத்து நெடுநேரம் நின்றார்.

"இந்தப் பக்கம் சில்லுனு இருக்கு நெலா."

மேற்கு வெயில் வெளிப்புறத்தில்தான் விழும், கல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்று அவள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். கையை எடுக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. பிரதோஷத்தன்று முதலில் ஒலிபெருக்கியில் பாட்டு வரும், பிறகு மின்சார மணியும் முரசும் சேர்ந்து வீதியையே அதிரவைக்கும். பாட்டு வரவில்லை. பந்தலில் யாரும் நேரம் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை மணி தொடங்கிவிட்டதாகத் தமிழ்நிலாவுக்குத் தோன்றியது. சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"மணியாயிடுச்சா?" என்றாள் அம்மா.

"எப்பவோ ஆயிடுச்சும்மா."

அம்மா பெட்டியின் மேல் கையை வைத்தாள். "அடிக்கல," என்றாள், உள்ளே இருப்பவரிடம்.

தமிழ்நிலா எழுந்து வெளியே வந்தாள். வாசலில் அப்பாவின் ரப்பர் செருப்பு கிடந்தது, வீதியைப் பார்த்தபடி. அதைத் தாண்டி, வெறுங்காலோடு வீதியைக் கடந்தாள். மதிலில், உட்கார்ந்தவர் தலை படும் உயரத்தில், தேங்காய் எண்ணெய் ஊறிக் கறுத்த வட்டம் ஒன்று இருந்தது. தினமும் வாசலிலிருந்து பார்க்கும் சுவர். இதை அவள் பார்த்ததில்லை.

அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாய்ந்தாள். அவள் தலை வட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. வீடுகளின் நிழல் மதில்மேல் ஏறிவிட்டிருந்தது. கல் இன்னும் சூடாக இருந்தது. சூடு முதுகில் மெல்லப் பரவியது.

மதிலுக்கு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ உள்ளங்கையை வைத்திருப்பதுபோல, அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.