பத்தொன்பதாம் பக்கத்துக் கழித்தல் குறி

1

இந்தக் கதை இன்று மதியம் என் அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு பழைய கோப்பில் கிடைத்தது. அவசரமாக எழுதுகிறேன், வாசகரே. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மெய்ப்புத் திருத்துபவன். அடுத்தவர் எழுத்தில் குறை கண்டே தலை நரைத்தவன். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

2

முதல் தொடக்கம்: "ஓர் அச்சுக்கூடத்தில் ஒரு சோம்பேறித் தொழிலாளி இருந்தான். அவன் கவனக்குறைவால்..."

(நிறுத்திவிட்டேன். அவனுக்கு மாறுகண்ணும் குடிப்பழக்கமும் கொடுக்கப் பார்த்தேன். பழி சுமக்க ஆள் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. அப்படி ஒருவன் கிடையாது.)

3

இருப்பது இரண்டே பேர். நானும் என் தங்கையும். அவள் பிரபஞ்சம் எப்படி உண்டானது என்று கணக்குப் போடுகிறவள். பொருள் இருக்குமிடத்தில் காலவெளி வளையும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட சேதி. வளைவதோடு நிற்காது, முறுக்கிக்கொள்ளவும் செய்யும் என்கிற கோட்பாடுகளும் உண்டு. தங்கை அந்தக் கட்சி. எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்த ஆதியில், துகள்களின் சுழற்சியால் உண்டான முறுக்கம் எதிர்த்துத் தள்ளியது. அதனால் பிரபஞ்சம் ஒரு புள்ளியில் பிறக்கவில்லை, சுருங்கி வந்து திரும்ப விரிந்தது என்பது அவள் முடிவு.* சமன்பாட்டில் அந்தத் தள்ளலைச் சொல்வது ஒரே ஒரு கழித்தல் குறி.

* ஈரத் துண்டைப் பிழிந்து பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் அது உங்கள் கையையே திருப்பும். (இந்த உவமையைக் கேட்டால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.)

4

இன்று காலை யாரோ ஓர் ஆய்வாளரிடமிருந்து அவளுக்குக் கடிதம். ஆறு வருடத்துக்கு முன் வெளியான அவள் கட்டுரையில், அச்சில் உள்ள சமன்பாட்டின்படி முறுக்கம் தள்ளவில்லை, இன்னும் நசுக்குகிறது. பிரபஞ்சம் திரும்ப விரியவே விரியாது என்று. அந்தச் சமன்பாட்டை வைத்து அவளும் மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறையில் வந்து நின்றாள்.

"ஆறு வருஷம் அண்ணா. கூட்டல்னு போட்டிருக்கேன். எப்படிப் போட்டேன்?"

"பழைய நோட்டைப் பாரேன்."

"வீடு மாறினப்போ எல்லாம் போயிடுச்சு. அச்சுல இருக்கே, அது பொய்யா சொல்லும்?"

ஒரு தாளை நீட்டினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிய கடிதம். அது போனால் அவள் பெயரும் அதோடு போகும்.

"பிழை பார்த்துக் குடு. நாலு மணிக்கு அனுப்பிடறேன்."

5

அவள் போனதும் அலமாரியிலிருந்து அந்தப் பழைய கோப்பை எடுத்துத் திறந்தேன். ஆறு வருடத்துக்கு முன்பு நான் திருத்திய அதே கட்டுரை. மூன்றாம் பக்கத்தில் கூட்டல். பத்தொன்பதில் கழித்தல், அடியில் அவளுடைய குறிப்பு: "இங்கிருந்து குறி வழக்கம் மாறுகிறது."

கழித்தல் குறியின் நடுவே சிவப்பு மையில் செங்குத்தாக ஒரு கோடு. அடிக்குறிப்பு மொத்தமும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் என் கையெழுத்து: "ஒரே சீராக்கப்பட்டது."

அதுவரை கூட்டலாக எழுதியதை அங்கிருந்து கழித்தலாக எழுதுகிறேன், பொருள் ஒன்றுதான் என்பதே அவள் குறிப்பு. மூன்றாம் பக்கத்தோடு பொருந்தவில்லை என்று நினைத்து, கழித்தலைக் கூட்டலாக்கியவன் நான். அவள் கணக்கில் தவறே இல்லை. "உன் கண்ணைத் தாண்டி எதுவும் போகாது அண்ணா" என்று சொல்லி, திருப்பிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியவள் அவள்.

6

முடிவு ஒன்று: தாளைக் கிழித்துவிடுகிறேன். கடிதம் போகிறது. யாருக்கும் தெரியா...

முடிவு இரண்டு: அவளிடம் சொல்கிறேன். "சீ, இவ்வளவுதானா!" என்று சிரிக்கிறாள். (சிரிக்க மாட்டாள். எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறேன்.)

எழுந்துபோய்ச் சொல்ல வேண்டியதை உட்கார்ந்து கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கோழைத்தனம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

7

நாலாக ஐந்து நிமிடம்.

"முடிச்சிட்டியா அண்ணா?" அடுத்த அறையிலிருந்து அவள் குரல்.

கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு வாக்கியம் மட்டும்தான் தவறு: "பிழை முழுக்க என்னுடையது." அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

இதோ, எழுந்து வருகிறாள். எனக்கு வாய் வராது. இந்தத் தாள்களைத்தான் நீட்டப்போகிறேன். தங்கச்சி, 'வாசகரே' என்று யாரையோ நினைத்துத் தொடங்கினேன். அது நீதான். அடியில் பழைய பத்தொன்பதாம் பக்கத்தை வைத்திருக்கிறேன்.

முடிவை நீ எழுது. நான் திருத்த மாட்டேன்.