அந்தோணியாரை நிமிர்த்திய கதை

1

இந்தக் கதை ஒரு கேலியிலிருந்து பிறந்தது. கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்கள்.) பத்தாம் நாள் திருவிழா அன்று அந்தோணியார் சொரூபத்தை அங்கே ஒரு பிக்கப் வண்டியில் வைத்துப் பவனி கொண்டு போகிறார்கள். பிக்கப் வண்டி மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். பாரம் ஏற்றினால் சமமாகிவிடும் என்று கம்பெனிக்காரன் போட்ட கணக்கு அது. அந்தோணியாரோ மரச் சொரூபம், பாரமே இல்லை. ஆகவே போன வருடம் பவனி முழுக்க முன்னால் சாய்ந்து தரையைப் பார்த்தபடி போனார். தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தருகிற புனிதர் அவர். பக்கத்து ஊர்க்காரர்கள் விடுவார்களா?

"உங்க அந்தோணியாரு சொந்தமா எதையோ தொலைச்சிட்டுத் தேடுகாரு" என்றார்கள்.

வண்டி ஞானதாசனுடையது. அதனால் கேலியும் அவர் தலையில் விழுந்தது. மீன் எடுக்கப் போகிற இடத்திலெல்லாம் ஒரு வருடம் அதைக் கேட்டு நொந்துபோனார்.

கேலி மட்டும்தான் நான் காதால் கேட்டது. மீதி முழுக்க என் கைவேலை, அதில் ஏதாவது விபரீதம் நடந்தால் பொறுப்பு என்னுடையது. பின்னால் இது தேவைப்படும்.

2

முதல் தொடக்கம்: "வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. கடல் அன்று என்னவோ"

[அடித்துவிட்டேன். கடலை இழுக்காமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடிகிறதா பார்ப்போம்.]

இரண்டாம் தொடக்கம்: "லெவலிங் கிட் என்பது யாதெனில்"

[வாத்தியார் வேலை. ஆனால் விஷயம் தெரியாமல் நீங்கள் தவிப்பீர்கள், எனவே சுருக்கமாக.] லெவலிங் கிட் என்றால் தடித்த இரும்பு வளையங்கள், பக்கத்துக்கு ஒன்று. முன்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் தலையில் வைத்து இறுக்கினால் வண்டியின் மூக்கு இரண்டு அங்குலம் உயரும். வைப்பதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் இரும்புக் கையைப் பிரிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். அந்தக் கையின் நட்டு ஓட்டத்தில் கழன்றுவிடாமலிருக்க, குறுக்கே ஒரு காட்டர் பின்னைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் குறட்டால் மடக்கி விடுவார்கள். பெண்கள் கொண்டையில் செருகும் ஊசி அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் நட்டு சுழன்று சுழன்று கழன்று, சக்கரம் சாய்ந்து, வண்டி தரையில் மூக்குக் குத்திவிடும். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

3

மூன்றாம் தொடக்கம், இது நின்றுவிட்டது: ஜினோ பொய் சொன்னான்.

ஜினோ, ஞானதாசனின் மனைவி சகாயசெல்வியின் தம்பி. சவூதியில், தம்மாமில் பிக்கப் வண்டிகளுக்கான ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என்பது ஊர் அறிந்தது. அங்கே அவன் வண்டி கழுவுகிறான் என்பது அவன் மட்டும் அறிந்தது. பக்கத்து ஷெட்டில் மற்றவர்கள் வளையம் வைத்து வண்டியை நிமிர்த்துவதைத் தண்ணீர்க் குழாயும் கையுமாக வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறான். லீவில் வரும்போது பேரீச்சம்பழத்துக்கும் போர்வைக்கும் நடுவே அத்தான் வண்டிக்கு ஒரு கிட்டையும் கொண்டுவந்தான். இனி யாரும் அத்தானைக் கேலி செய்யக் கூடாது. அந்த ஆசையில் பொய் இல்லை.

ஞானதாசன் வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மக்கா, இது உனக்குப் பழக்கமுள்ள வேலதானா?"

"நெறைய வண்டிக்குப் போட்டிருக்கேன் அத்தான்."

[இந்த இடத்தில் எனக்கு ஜினோவைப் பிடிக்காமல் போனது. வேறு ஒருவனை வைத்து எழுதிப் பார்த்தேன், வைகுண்டராஜன் என்று ஒரு நல்ல மெக்கானிக். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் கதை இல்லை. தலைகுனிந்து ஜினோவிடமே திரும்பி வந்தேன்.]

4

பவனிக்கு முந்தின நாள், வீட்டு முற்றத்தில் வேலை நடந்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் அத்தானை எதையாவது வாங்க அனுப்பிவிட்டு ஜினோ போனில் வீடியோ பார்த்தான். வலது சக்கரத்துப் பின்னைச்* செருகும்போது பெருவிரலில் குத்தி ரத்தம் வந்தது. அது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இடது பக்கம் நட்டை இறுக்கி முடிக்கிற நேரத்தில் அக்கா மகள் பிரீனா வந்து நின்றாள். மறுநாள் வண்டியின் மேல் வானதூதராக, சம்மனசு வேடத்தில் நிற்கப் போகிறவள். அவளுடைய சிறகின் கம்பி பிய்ந்து தொங்கியது.

"மாமா, இத ஒண்ணு மடக்கித் தாங்க."

அவன் குறட்டை எடுத்தான். கம்பியின் இரண்டு முனைகளையும் அழுத்தி மடக்கிக் கொடுத்தான். பிறகு சக்கரத்தை மாட்டினான்.

* அத்தான் வாங்கி வந்த பின்களைக் கடைக்காரர் எண்ணிக் கொடுக்கவில்லை. ஒரு கை அள்ளிப் பொட்டலத்தில் போட்டார். எண்ணியிருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும் என்பதால் நான்தான் அவரை எண்ண விடவில்லை.

5

மறுநாள் சாயங்காலம், சர்ச் முற்றம். வண்டியைச் சுற்றித் தரை வரை வெள்ளைத் துணி, சக்கரம் எதுவும் தெரியவில்லை. ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் அந்தோணியார் வண்டி ஏறுவார். அவரை ஏற்றி முன்கூட்டிச் சரிபார்க்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. காலி வண்டியை வைத்துத்தான் ஜினோ மட்டம் பார்த்திருந்தான். இந்த வருடமோ ஜெனரேட்டரையும் அதே வண்டியில் பின்னால் ஏற்றிவிட்டார்கள். பின்பக்கம் அமுங்கியது, நிமிர்ந்திருந்த மூக்கு இன்னும் நிமிர்ந்தது. போன வருடம் தரையைப் பார்த்த அந்தோணியார் இந்த வருடம் வானத்தைப் பார்த்தார்.

ஞானதாசன் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார். "பரவால்ல மக்கா. தரையில தேடுகதுக்கு இது மேலு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், வண்டியில் ஏறினார்.

ஜினோவும் சிரித்தான். புது வெள்ளைச் சட்டையின் பையில் கைவிட்டு ஜெபமாலையை எடுத்தான். முந்தின நாள் அழுக்குச் சட்டையில் கிடந்து, காலையில் இதற்கு மாறிய ஜெபமாலை. அதன் கண்ணியில் ஒரு காட்டர் பின் சிக்கியிருந்தது. கால்கள் மடங்காத, புதுப் பின்.

அவன் அதை விரல்களுக்கு நடுவே உருட்டினான். இடது பக்கம் மடக்கினேனா? மடக்கினேன், கைக்கு நினைவிருக்கிறது. குறடு, கம்பி, இரண்டு முனை. ஆனால் கைக்கு நினைவிருப்பது சிறகா, சக்கரமா? கடைக்காரர் அள்ளிப் போட்டதில் இது மிச்சமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சர்ச்சிலிருந்து சிலுவை நாட்டிய குருசடி வரை இறக்கம். வண்டிக்கு முன்னால் மெழுகுதிரியோடு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். வண்டியின் மேல் இடது ஓரத்தில் பிரீனா, அவன் மடக்கிக் கொடுத்த சிறகோடு.

[அந்தப் பின்னை அவன் பையில் போட்டது நான்தான். நாலாம் பகுதி சப்பென்று இருந்தது, பதற்றம் வேண்டியிருந்தது. இப்போது பயம் வந்து, அதை எடுத்துவிடலாம் என்று அந்த வரிகளை அழித்தும் பார்த்தேன். பின் போயிற்று. ஜினோவின் கை மட்டும் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.]

6

முடிவு ஒன்று. பவனி போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. [எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பவனியை நீங்களும் கும்பிட மாட்டீர்கள்.]

முடிவு இரண்டு. வண்டி இறக்கத்தில்

[மாட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சிறகு வைத்த கையால் அதை எழுத மாட்டேன்.]

முடிவு மூன்று. அந்தோணியார் சாய்ந்திருப்பது நல்ல சாக்கு. "முன்பக்கம் ஒண்ணு பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி ஜினோ துணிக்கடியில் நுழைகிறான், பின் இல்லையென்றால் செருகி மடக்குகிறான், வெளியே வருகிறான். யாருக்கும் எதுவும் தெரியாது. பொய்யும் பத்திரம், பிள்ளைகளும் பத்திரம்.

இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஜினோவுக்கும்தான், துணியின் ஓரம் வரை போய்விட்டான். அங்கேதான் அது உடைந்தது. ஒரு பின்னை அவனால் சரிபார்க்க முடியும். அதற்கு மேலே எத்தனையோ போல்ட்டுகள். எது எவ்வளவு இறுக வேண்டும், எதை மறந்தால் என்ன ஆகும் என்று தெரிய, முன்னால் ஒரு முறையாவது செய்திருக்க வேண்டும். அவன் செய்ததில்லை. பின்னை மறைத்தால் அத்தனையும் மறைந்துவிடும்.

7

பேண்டு வாத்தியம் தொடங்கியது. ஜினோ டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போய் உண்மையைச் சொன்னான். சத்தத்தில் அத்தான் காதில் விழவில்லை. அவர் சிரித்துத் தலையாட்டி, சாவியைத் திருப்பினார்.

சொல்லியாயிற்று அல்லவா? கேட்காதது அவர் குறைதானே? இந்த எண்ணம் அவனுக்கு வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றோம்.

பிறகு அவன் பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து வண்டிக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் பானெட்டின் மேல் ஊன்றினான். பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். சகாயசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏலே, என்னத்துக்குலே வண்டிய மறிக்க? பிள்ள மேல நிக்கா."

"அதுக்குத்தான் அக்கா." ஜன்னலைப் பார்த்தான். குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "அத்தான், வண்டிய நிறுத்துங்க. இந்த வேலைய நான் இதுக்கு முன்ன ஒருக்காலும் செஞ்சதில்ல. எனக்கு அங்க வண்டி கழுவுத வேல."

பக்கத்து ஊர்க்காரர்களும் பவனிக்கு வந்திருந்தார்கள். அடுத்த வருடத்துக்கான கேலி அவர்களுக்கு அந்த நிமிடமே கிடைத்துவிட்டது. ஞானதாசனின் முகம் சுண்டிப்போனது. சாவியின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது. பிரீனா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, போகாண்டாமா?" என்றாள்.

ஜினோ வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் துணிக்கடியில் நுழைந்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன.

இதற்கு மேல் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். பின் இருந்தால் அவனை முட்டாள் என்பீர்கள், இல்லாவிட்டால் நல்லவன் என்பீர்கள். அவன் சொன்னபோது அவனுக்கு இரண்டில் எதுவும் தெரியாது.

துணியின் ஓரத்தை நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன். பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் குனிந்து அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டை அழுக்காகும்.