முப்பத்தாறு நாள் வரைபடம்

முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டுகள் சாப்பாட்டு மேஜையில் அடுக்கிக் கிடக்கின்றன. நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவதற்குள் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். முதல் ஆறு சோதனைகளுக்கும் போட்டுவிட்டேன். ஏழாவது சோதனையின் பக்கத்தைப் புரட்டத்தான் கை வரவில்லை. அதில் இருப்பது என் மகளின் கிராஃப்.

நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உளவியல் எடுக்கிறவள். கவனம், நினைவு, கற்றல், ஊக்கம் என்று பதினாறு வருஷமாக அதே பாடங்கள். எனக்குக் கொஞ்சம் திமிர் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். இருந்தது, உண்மைதான். மற்றவர்கள் பாடத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள், நான் வீட்டிலேயே செய்து பார்த்தவள் என்ற நினைப்பு. என் கணவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற பழக்கத்தை மூன்றே வாரத்தில் மாற்றினேன். கொடியில் போட்ட அன்றைக்கு டீ உடனே வரும், கட்டிலில் போட்ட அன்றைக்கு அரை மணி தாமதமாகும். பாவம், அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது. வலுவூட்டல் பாடத்தில் இதைச் சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் என்னைக் கெடுக்கவில்லை.

என் மகள் பாப்புவுக்குப் பதினொரு வயது. இந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் கணக்கு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு, "அம்மா, லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுது. நெத்தி வலிக்குது" என்றாள். மறுநாளும் சொன்னாள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை, கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைசி வரியிலிருந்த பொடி எழுத்துவரை கடகடவென்று படித்தாள். "பார்வை சூப்பரா இருக்குங்க, கண்ணாடியே தேவையில்ல" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வலி சாயங்காலம்தான் வருகிறது. கணக்கு நோட்டை விரித்த பிறகுதான் வருகிறது. வலி என்றதும் நான் நோட்டை மூடச் சொல்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவுகிறேன். பளிச்சென்று புரிந்துபோயிற்று. புகாருக்கு நானே வலுவூட்டிக்கொண்டிருக்கிறேன். வலுவூட்டலை நிறுத்தினால் நடத்தை மறைந்துவிடும். புத்தகத்தில் ஏழாவது சோதனை அதுதான், வருஷா வருஷம் எலி உதாரணத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் பிள்ளைகளுக்கு உயிருள்ள உதாரணம் கொடுக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமே" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க குறுக்க வராதீங்க. நான் பத்து நாள் கண்டுக்காம இருந்து, நீங்க ஒரே ஒரு நாள் கொஞ்சினீங்கன்னா அவ்ளோதான், மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"லிஃப்ட்ல அலாரம் அடிச்சா நாங்க மேல போயி என்னன்னு பாப்போம். அலாரத்தைக் கண்டுக்காம இருந்தா தானா நின்னுரும்னு உட்கார மாட்டோம்."

"மனுஷனும் லிஃப்டும் ஒண்ணா? போங்க, போயி வேலையப் பாருங்க."

போனார். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற மனிதர்.

கிராஃப் தாளில் கீழே நாள், பக்கவாட்டில் புகாரின் எண்ணிக்கை. முதல் நாள் மூன்று. இரண்டாம் நாள் ஐந்து. புகார் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், பதில் கிடையாது. ஒன்பதாம் நாள் பதினான்கு தடவை சொன்னாள். அன்றைக்கு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நெஜமாம்மா, நெஜமா" என்று அழுதாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை. மறைவதற்கு முன் நடத்தை ஒருமுறை உச்சத்துக்குப் போகும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அவள் எவ்வளவு அழுதாளோ, நான் அவ்வளவு சரி என்று எனக்கு உறுதியாயிற்று. அவள் தூங்கப் போன பிறகு பதினான்கில் ஒரு புள்ளி வைத்தேன்.

அதற்கப்புறம் கோடு இறங்கியது. பதினொன்று, எட்டு, நான்கு. முப்பதாம் நாள் பூஜ்யம். இன்னும் ஆறு நாள் பார்த்தேன், ஆறும் பூஜ்யம். புத்தகத்தில் போட்டிருக்கும் படம்கூட அவ்வளவு அழகாக இருக்காது. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எல்லோரும் ரெக்கார்டில் வரைந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வகுப்பே அவளை 'டவுட்டு' என்றுதான் கூப்பிடும்.

"மிஸ், நெஜமாவே வலிச்சிருந்தா இந்த கிராஃப் வேற மாதிரி வந்திருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இதுலயுமா உனக்கு டவுட்டு? உக்காரு தாயே" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து, பாப்பு படிக்கிற பள்ளியிலிருந்து விளையாட்டு வாத்தியார் கூப்பிட்டார். "டீச்சர், வலது பக்கத்துலேருந்து வர்ற பந்து பாப்பாவுக்குத் தெரியவே மாட்டேங்குது. இடது கண்ண மூடிக்கச் சொல்லிட்டு வெரல காட்டினேன். 'வெரல் எங்க சார்?'னு கேக்குறா." வீட்டில் அவள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டபோதெல்லாம் கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறாய் என்று நான் திட்டியிருக்கிறேன்.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார். வலது கண்ணில் போன பார்வை போனதுதான். எழுத்துப் படிக்கிற நடுப்பார்வை கடைசியாகத்தான் போகுமாம், அதனால்தான் கண்ணாடிக் கடையில் தெரியவில்லை. "எப்போலேருந்து இருக்கு? தோராயமாச் சொல்லுங்க போதும்."

தோராயம் என்னிடம் இல்லை. பையில் வகுப்பு ஃபைல் இருந்தது. கிராஃபை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தேதி போட்டு, எத்தனை தடவைன்னு... இவ்ளோ சுத்தமா எழுதி வச்சு நான் பாத்ததே இல்லம்மா. நீங்க நர்ஸா?"

"டீச்சர்."

"இந்தப் பதினாலு போட்டிருக்கிற நாள்ல பிரஷர் ரொம்ப ஏறியிருக்கும். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்புறம் ஏன் பூஜ்யம்? வலி நின்னுருச்சா?"

பாப்பு சாதாரணமாகச் சொன்னாள். "இல்ல ஆன்ட்டி. வலிச்சுது. நான்தான் சொல்றத நிறுத்திட்டேன்."

சுவரோரமாக நின்றிருந்த கணவர் வெளியே போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றுவரை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

இடது கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது. மூன்று வேளை சொட்டு மருந்து. அந்தக் கண்ணை வைத்துத்தான் அவள் மிச்ச வாழ்க்கையை ஓட்ட வேண்டும். "மெஷின் மாசத்துக்கு ஒரு நாள்தான் பாக்கும். மத்த நாள்ல வட்டம் தெரிஞ்சாலோ வலிச்சாலோ இவதான் சொல்லணும். சொன்ன அன்னிக்கே வந்துரணும். சொல்லுவியா கண்ணு?" என்று டாக்டரம்மா கேட்டார். பாப்பு தலையாட்டினாள்.

போன மாதப் பரிசோதனையில் இடது கண்ணின் அழுத்தம் எகிறியிருந்தது. ஒரு பத்து நாளாவது வலித்திருக்கும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அவள் என் பக்கத்தில்தான் சாப்பிட்டாள், என் பக்கத்தில்தான் படுத்தாள். ஓரத்தில் கொஞ்சம் பார்வை போயிருந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா சொல்லல? என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. சொல்லணும்னே தோணல."

நான் பாடத்தைச் சரியாகத்தான் நடத்தியிருக்கிறேன். நடத்தை மறைந்தேவிட்டது.

இப்போது புத்தகத்தில் இருக்கிற எல்லா வித்தையையும் செய்து பார்க்கிறேன். மணிக்கொரு தரம் கேட்கிறேன். அவள் எதைச் சொன்னாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பென்சில் உடைந்தது என்றால்கூட ஓடுகிறேன். பென்சிலைப் பற்றிச் சொல்கிறாள், டீச்சரைப் பற்றிச் சொல்கிறாள், வலியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மறைந்த நடத்தை சில சமயம் தானாகவே திரும்பி வரக்கூடும் என்று அதே பாடத்தின் கடைசியில் ஒரு வரி வருகிறது. இரண்டு மதிப்பெண் கேள்விக்குக்கூட வராத வரி என்று வருஷா வருஷம் தாண்டிப் போவேன். இப்போது அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழாவது சோதனையை மட்டும் எடுத்துவிடலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். சோதனைப் பட்டியல் தேர்வாளருக்குப் போய்விட்டது, என்ன காரணம் என்று அவர் கேட்டார். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகும். புரட்டினேன். ஏறி இறங்கும் அதே கோடு, பதினான்கில் அதே புள்ளி. சிலர் பச்சை மையில், ஒருத்தன் ஓரத்தில் பூ வரைந்து. கீழே எல்லோரும் ஒரே மாதிரி, 'முடிவு: நடத்தை முழுமையாக மறைந்தது.' போட்டேன். போட்டுக்கொண்டே போனேன்.

டவுட்டின் நோட்டில் முடிவுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'குழந்தைக்கு உண்மையில் வலி இருந்ததா என்று பார்க்கப்படவில்லை.' அதன்மேல் சிவப்புக் கோடு, 'தேவையற்றது' என்று என் கையெழுத்து, அரை மதிப்பெண் குறைப்பு. போன பருவத்தில் நானே திருத்தியது. கோட்டை அழிக்கப் பார்த்தேன், தாள் கிழிந்துவிடும்போல் இருந்தது. அரை மதிப்பெண்ணை மட்டும் திருப்பிப் போட்டேன்.

நிமிர்ந்தேன். எதிரே பாப்பு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை நெற்றியின் மேல் இருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் கையை மெதுவாக இறக்கி நோட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா பாப்பு?"

"இல்லம்மா" என்றாள், எழுதுவதை நிறுத்தாமல்.