நின்றுபோன படம்

ஏழு மாத வயிற்றோடு அவள் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். அவள் கண் விழித்தபோது அவர் அறை வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"படுத்தா மூச்சு முட்டுதுப்பா. மாசம் ஏற ஏற எல்லாருக்கும் இப்படித்தானாம்."

"உங்கம்மாவும் அதைத்தான் சொன்னா. கிளம்பு."

அம்மா பேச்சை அவர் எடுப்பதே அபூர்வம். அவளைப் பெற்ற மறுவாரமே அம்மா போய்விட்டாள், இதயம் பலவீனமாம் என்பதெல்லாம் அத்தைகள் குசுகுசுத்துக் காதில் விழுந்தவை. அவளுக்கு அப்படியே அம்மா ஜாடை. தலை வாரிக்கொண்டு திரும்பும்போது சில நாள் அப்பா சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார். முகத்தோடு இன்னும் என்னென்ன வந்து சேர்ந்திருக்குமோ என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் முதன்முதலாக நினைத்தாள். கணவன் வேலையிலிருந்து நேரே அங்கே வருவதாகச் சொல்லியிருந்தான்.

"இதயத்துக்கு ஒரு ஸ்கேன்தான். ஊசி, மருந்து எதுவும் கிடையாது. வயித்துல இருக்கற குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது," என்று டாக்டரம்மா அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மார்பில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை அழுத்தினார். திரையில் அவளுடைய இதயம் சாம்பல் நிறத்தில் திறந்து மூடியது. ஒரு பொத்தானைத் தட்டியதும் ரத்தம் ஓடும் சத்தம் அறையை நிறைத்தது. குழந்தை உதைத்தது. இதே சத்தத்தைத்தானே நானும் அம்மாவுக்குள் கேட்டுக் கிடந்திருப்பேன் என்று தோன்றியது அவளுக்கு. அது தளர்ந்துகொண்டே வந்ததையும் கேட்டிருப்பேனோ?

சத்தம் நின்றது. திரையும் அசையவில்லை.

"ஏன் நின்னுடுச்சு?" கதவோரம் நின்ற அப்பாவின் குரல் அவர் குரலாகவே இல்லை.

"படத்தைத்தான் நிறுத்தினேன் ஐயா, அளக்கறதுக்கு. அவங்க இதயம் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

டாக்டரம்மா மறுபடி மறுபடி அளந்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "இதயம் சுருங்கற பலம் குறைஞ்சிருக்கும்மா. இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க. மருந்து இருக்கு. அடிக்கடி இப்படி அளந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

"குழந்தை?"

"ரெண்டு பேரையும்தான் பாக்கணும். இப்பவே எதையும் உறுதியா சொல்ல முடியாது."

"அவளுக்கும் இப்படிப் பாத்திருந்தா..." என்று அப்பா தொடங்கினார்.

சாயங்காலம், வார்டில், வந்து சேர்ந்த கணவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினார். விரல்கள் தப்பான இடத்தில் தடவிக்கொண்டிருந்தன.

"இங்கப்பா," என்று அவள் அவர் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் எண்ணத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் எண்ணுவது நின்றுவிட்டது. விரல் மட்டும் அந்தத் துடிப்பின் மேலேயே இருந்தது.