பத்திரிகையில் வந்த வாய்

படம் பிடிக்க ஆள் வந்திருக்கிறார் என்ற செய்தி குழாயடியிலிருந்து அமி என்ற மலைச்சரிவில் ஏறி வருவதற்குள் கும்சில் முகம் கழுவித் தலையும் வாரிவிட்டாள். பியோன் என்ற அந்தப் பத்திரிகைக்காரர் அகதிக் குடிசைகளைப் படம் பிடித்து நாளிதழில் போடுகிறவர். புசான் நகரத்தைத் தாண்டியும் அந்த நாளிதழ் போகும். அவளுக்கு அது போதும்.

கொரியப் போருக்குத் தப்பி வடக்கே ஹுங்னாம் துறைமுகத்தில் கப்பலேறிய நெரிசலில் கணவன் தோக்சாம் வேறொரு கப்பலுக்குத் தள்ளப்பட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. "யோங்தோ பாலத்துக்கு வா!" என்று கத்திக்கொண்டே போனான். புசானில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடம் அதுதான். முளைப்பயறு விற்கப் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். மற்றபடி அவளுக்குக் குறையில்லை. பழைய கல்லறைக் கல்மேல் அட்டைப்பெட்டிகளை நிறுத்திக் கட்டிய வீடு அதிகம் ஒழுகுவதில்லை. இங்கே பிறந்த மகள் ஒக்தானுக்குப் பல்கூட முளைத்துவிட்டது. தோக்சாம் அவளைப் பார்த்ததில்லை.

பக்கத்துக் குடிசை மக்சுன் தன் பட்டுச் சட்டையைக் கொடுத்தாள். கும்சில் மகளை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, உதட்டை இறுக்கி உட்கார்ந்தாள். கேமராவுக்கு முன் கௌரவமானவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"கொஞ்சம் இயல்பா இருங்கம்மா," என்றார் பியோன்.

"இயல்பாத்தான் இருக்கேன்," என்றாள் உதடு அசையாமல்.

அவர் பெருமூச்சு விட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"அழகாத்தான் இருக்கே," என்றாள் மக்சுன். "பேங்க் மேனேஜர் பொண்டாட்டி தோத்தா போ. உம் புருஷன் பார்த்தா, ஐயோ பாவம், இந்தம்மாவும் அகதியான்னு பக்கத்தைத் திருப்பிடுவான்."

கும்சில் குனிந்து பட்டுச் சட்டையைப் பார்த்தாள். அவன் அவளை எப்போது பட்டில் பார்த்தான்? எப்போது வாய்மூடிப் பார்த்தான்? சட்டையைக் கழற்றி எறிந்தாள். பழைய சட்டையை மாட்டி, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு படிகளில் ஓடினாள்.

"யோவ் படக்காரரே! நில்லுங்கய்யா! அது நான் இல்ல! வேற எடுங்க!"

குழாயடியில் அவர் திரும்பினார். கேமரா ஏற்கெனவே கண்ணில் இருந்தது. கிளிக்.

"அட பாவி மனுஷா, ஒரு நிமிஷம் நிக்க விடக்கூடாதா?"

"ஃபிலிம் தீர்ந்துபோச்சும்மா," என்று சிரித்தார் அவர்.

சில நாள் கழித்துச் சந்தையில் கருவாடு சுற்றிக்கொடுத்த தாளைக் கொண்டுவந்து விரித்தாள் மக்சுன். அரைப் பக்கத்துக்குப் படம். தலைமுடி அவிழ்ந்து பறக்க, வாயைப் பிளந்து கத்துகிறாள் கும்சில். கீழே, 'அமி மலைச்சரிவில் ஓர் அகதித் தாய்' என்று அச்சிட்டிருந்தது.

"ஊருக்கே என் உள்நாக்கைக் காட்டிட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றுமுதல் தண்ணீர் வரிசையில், "உள்நாக்கு வருதுடீ, வழி விடுங்க," என்பார்கள். அவளும் திட்டிக்கொண்டே கொடுத்த வழியில் குடத்தை வைப்பாள். ஆனால் தனியாக இருக்கும்போது ஒரு பயம் வரும். அவன் பார்த்திருந்தால்? வெட்கப்பட்டு வராமலே இருந்துவிட்டால்?

வாற்கோதுமை அறுவடைக் காலத்தில் ஒருநாள் அவள் பயறு அலசிக்கொண்டிருந்தபோது கீழே பிள்ளைகளின் குரல் கேட்டது. "உள்நாக்கு அத்தையா? நேரா மேல போங்க, மாமா."

படியேறி வந்தவன் இளைத்திருந்தான். அவளைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"கோஜே தீவு அகதி முகாமுல எங்க குடிசைச் சுவத்துக்குப் பழைய பேப்பர் ஒட்டினாங்க," என்றான் தோக்சாம். "என் தலைமாட்டுல ஒருத்தி கத்திக்கிட்டே இருந்தா. தலைகீழாத்தான் ஒட்டியிருந்தாங்க. ஆனாலும் கண்ணு முழிச்சதும் திட்டு எனக்குத்தான்னு தோணிச்சு. படிக்கத் தெரிஞ்சவனைக் கூப்பிட்டு ஊர்ப் பேரைக் கேட்டேன்."

"பாலத்துக்கு ஏன் வரல?"

"தீவை விட்டே வெளிய விடலியே. இப்பத்தான் விட்டாங்க."

"ஒரு சேதி அனுப்பக் கூடவா ஆளில்லாமப் போச்சு? செத்தியா இருக்கியான்னு தெரியாம நான் தினம்..." கும்சில் ஆரம்பித்தாள். சரிவிலிருந்த கதவுகளெல்லாம் திறந்தன. அவன் படியில் உட்கார்ந்து ரப்பர் செருப்புகளைக் கழற்றினான். திட்டைக் கேட்டபடியே அவற்றை அவளுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான்.