மூன்றாவது அழைப்பு

பேசாத சலூன்காரர் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தொழிலில் கத்தரிக்கு முன்னால் வாய் ஓட வேண்டும். இவரோ என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டில் அவருக்குப் பெயரே 'பூட்டு'தானாம். மனைவி வைத்த பெயர்.

அந்த மனைவி இறந்துபோனதால்தான் அவர் எங்களிடம் புகார் கொடுத்திருந்தார். மருந்துகளைச் சோதித்து அனுமதி கொடுப்பதுபோல, உடம்புக்கு யோசனை சொல்லும் கைபேசிச் செயலிகளைச் சோதிப்பது எங்கள் பிரிவின் வேலை. இன்சுலின் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்கிற அந்தச் செயலி எங்கள் கண்ணிலேயே படாமல் நழுவியிருந்தது. 'நலவாழ்வுத் துணை' என்று பதிந்துகொண்டு, நடக்கச் சொல்லும், தண்ணீர் குடிக்கச் சொல்லும் செயலிகளோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நிறுவனத்து ஆட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் வீட்டில் புருஷனுக்கும் சர்க்கரை, மனைவிக்கும் சர்க்கரை. அவருக்கு மாத்திரை, அவளுக்கு ஊசி. சோதிக்கும் கருவி ஒன்று, கைபேசி ஒன்று. கருவி காட்டும் அளவு தானாகவே செயலிக்குப் போய்விடும். தினமும் காலையில் அவள் விரலைக் குத்திப் பார்ப்பாள், செயலி சொல்லும் அளவில் ஊசி போட்டுக்கொள்வாள், அப்புறம்தான் அவர் குத்திப் பார்ப்பார். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டியிருந்தது. அவள் பார்த்த கையோடு கருவியை வாங்கி அவரும் பார்த்துவிட்டு, கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஊசி போடும் முன் அவள் செயலியைத் திறந்தபோது, கடைசியாக வந்த அளவை எடுத்துக்கொண்டு அது கணக்குப் போட்டது. யாருடைய ரத்தம் என்று அது கேட்கவே இல்லை.

நிறுவனத்தின் பதில் ஒற்றை வரியில் வந்தது: ஒரு கைபேசியை ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதிமுறைகளில் தெளிவாக இருக்கிறதாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் வீட்டை இவர்கள் பார்த்ததே இல்லையா என்று நான் கூட்டத்தில் கத்தினேன். மேலதிகாரி தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஊசி அளவு சொல்லும் பகுதியை உடனே முடக்கினோம். மீதிச் செயலியை, அவர் என்னிடம் வந்த அன்று மாலையோடு மூடச் சொல்லி ஆணை போயிருந்தது. பயனர்களின் விவரம் ஒன்றைக்கூட நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்ற வரியை நான்தான் வலிந்து சேர்த்தேன். அதில் எனக்குப் பெருமைகூட.

"மேடம், என் ஒரு போன்ல மட்டும் விட்டு வைக்க முடியுமா?" என்றார் பூட்டு.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் திக்கித் திணறிச் சொன்னார். மாத்திரை வேளையை நினைவூட்டும் குரலை நாமே பேசிப் பதிந்துகொள்ளும் வசதி அந்தச் செயலியில் இருந்தது. கடையில் அவர் மறந்துவிடக் கூடாது என்று அவருக்கான குரலை அவள் பதிந்திருந்தாள். அவள் போன பிறகும் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுடைய குரல் வேறு எதிலும் இல்லை. அந்தக் கைபேசியிலேயே பதிவு செய்யப் பார்த்தால், அவள் கூப்பிட்டதும் பதிவு நின்றுவிடுகிறதாம்.

கடைக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கைபேசி கேட்டிருக்கலாமே என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். வந்துபோகிறவர்கள் முன்னால் அவளைப் பேசவிட அவருக்கு மனம் வரவில்லை.

மேலதிகாரியிடம் போனேன். ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. திரும்பி வந்து, பூட்டை ஆள் இல்லாத கூட்ட அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். என் கைபேசியை அவருடையதன் பக்கத்தில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். மதியம் ஆகும்வரை இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் யாரோ குடித்துவிட்டு வைத்த காப்பிக் கோப்பையின் வட்டம் காய்ந்திருந்தது.

அப்போதுதான் அவர் தானாக வாயைத் திறந்தார்.

"அது என் சர்க்கரை மேடம். என் சர்க்கரைக்கு அவ ஊசி போட்டுக்கிட்டா."

செயலியின் தப்பு என்று ஆணையில் எழுதிவிட்டேன். அந்த வரி அவர் முகத்துக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை.

கைபேசி ஒலித்தது. "ஏங்க, மாத்திரை போட்டாச்சா?" கொஞ்சம் கரகரத்த, அவசரமான குரல். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். 'போட்டாச்சு' என்ற பொத்தானைத் தொட அவர் விரல் தானாகப் போனது. நான் கையைத் தடுத்தேன். தொட்டால் நின்றுவிடும். சற்று நேரத்தில் மறுபடி வந்தது: "ஏங்க, கூப்பிடறது காதுல விழலையா?"

மூன்றாவது தடவையும் வருமா என்று கேட்டேன். தெரியாது என்றார். மூன்றாவது பதிந்திருப்பதாக அவள் சொன்னதுண்டு. ஆனால் இரண்டாவது குரலுக்கு மேல் அவர் என்றைக்கும் தாமதித்ததில்லை. அவளுக்குக் கோபம் வரும்.

வந்தது. இந்த முறை தண்ணீர்ச் சத்தம் இல்லை.

"யோவ் பூட்டு. எழுந்திரிச்சு மாத்திரையப் போடுய்யா. நீ பாட்டுக்குப் போயிட்டா, இந்த வாய வச்சிக்கிட்டு நான் யார்கிட்டய்யா பேசுவேன்?"

"இதோ போடறேன். போட்டுக்கறேன்டி," என்றார் அவர்.

சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். அது நழுவி மேசையில் உருண்டது. எடுத்துக் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கிவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அரசாங்க அலுவலகத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தோம். மூன்று குரலும் தெளிவாக இருந்தன. கடைசியில் அவருடைய குரலும் விழுந்திருந்தது. அதை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம், இருக்கட்டும்," என்றார். "எத்தனை கூப்பிட்டாலும் நான் பதிலே சொல்றதில்லன்னு அவளுக்கு ஒரே குறை."